‘ஆல் பாஸ்’ மேல் போடும் பழி

எட்டாம் வகுப்புப் பையன் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியவில்லை. எல்லாம் இந்த ‘ஆல் பாஸ்’ செய்த வேலை. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் இருக்காது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சொல்கிறார். பணியில் இருக்கும் ஆசிரியர் பள்ளி முடிந்து வண்டியை எடுக்கும்போது சொல்கிறார். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிய அப்பாவும் அதையேதான் சொல்கிறார். இதற்கு அவர்கள் கேட்கும் மருந்தும் ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பொதுத் தேர்வு வை, தேறாதவனை அதே வகுப்பில் உட்கார வை.

இது வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்வு நடத்தவும் தேறாதவர்களை நிறுத்திவைக்கவும் வழி திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வை அறிவித்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்திவைக்கப் போவதில்லை என்று சமாதானமும் சொன்னது. ஆசிரியர் அமைப்புகளும் கல்வியாளர்களும் கட்சிகளும் எதிர்த்துக் கிளம்பினார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் அந்த அறிவிப்பை ரத்து செய்தார். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையோ மூன்றாம் வகுப்பையும் தேர்வுப் பட்டியலில் சேர்த்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற தன் பள்ளிகளில் நிறுத்திவைப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை தடையில்லாத் தேர்ச்சி தொடரும் என்கிறது.

ஆக, அரசின் கொள்கை ஒரு பக்கம் நிற்கிறது, ஊரின் எண்ணம் இன்னொரு பக்கம் நிற்கிறது. ஊர் எண்ணம் இப்படியே நீடித்தால் அடுத்து வரும் ஏதோ ஓர் அரசு, ஏதோ ஒரு செப்டம்பரில், மறுபடியும் ஓர் அரசாணை போடும். அதனால் இந்த எண்ணத்தை நேருக்கு நேர் நின்று மறுக்க வேண்டியிருக்கிறது. இது பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் சொல்லும் கருத்து. என்றாலும் தவறான கருத்து.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளலாம். பிள்ளைகள் படிக்கத் திணறுகிறார்கள் என்பது உண்மை. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமப்புற வீடுகளுக்குப் போய் எடுக்கும் ‘அசர்’ ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2024-ன் அறிக்கைப்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விகிதத்தில் தமிழகம் தேசிய சராசரிக்குக் கீழேதான் நிற்கிறது. கல்வியில் முன்னணி மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு இது சங்கடமான செய்தி. இதை மூடி மறைத்துக்கொண்டு ‘ஆல் பாஸ்’ முறைக்கு வக்காலத்து வாங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் நோய் உண்மை என்பதால் காட்டப்படும் காரணமும் உண்மையாகிவிடாது.

அதே அசர் ஆய்வுகளைச் சற்று நிதானமாகப் புரட்டினால் ‘ஆல் பாஸ்’ குற்றச்சாட்டு நிற்க முடியாமல் தடுமாறுகிறது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாடு முழுதும் 2006-ல் 100-க்குச் சுமார் 53 பேர். அப்போது கல்வி உரிமைச் சட்டமே கிடையாது. பல மாநிலங்களில் தொடக்கக் கல்வியிலேயே ஃபெயில் போடும் வழக்கம் இருந்தது. அப்போதும் பாதிக்குப் பாதி பிள்ளைகள் வாசிக்கவில்லை. சட்டம் வந்தபின் 2012-ல் அந்த விகிதம் 47-க்கு இறங்கியது. அதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 2018-ல் அது 50-ஐத் தாண்டி ஏறியதை யாரும் சொல்வதில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2022-ல் 43-க்கு விழுந்து, 2024-ல் மறுபடி 49-ஐத் தொட்டது. 2012-ல் இறங்கியபோதும் 2018-ல் ஏறியபோதும் நாட்டின் பெரும்பகுதியில் இருந்தது அதே ‘ஆல் பாஸ்’தான். இறக்கத்துக்கு அது காரணம் என்றால் ஏற்றத்துக்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். உண்மையில் இரண்டுக்குமே அது காரணமில்லை.

மாநிலங்களை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. 2018-ல் கேரளத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அந்தப் பாடத்தை வாசித்தார்கள். அங்கேயும் இதே சட்டம்தான், இதே தடையில்லாத் தேர்ச்சிதான். ஒரே சட்டத்தின் கீழ் ஒரு மாநிலப் பிள்ளை படிக்கிறது, இன்னொரு மாநிலப் பிள்ளை திணறுகிறது என்றால், வித்தியாசத்தைத் தேட வேண்டிய இடம் வகுப்பறை. தேர்ச்சி விதியில் அது கிடைக்காது.

‘ஆல் பாஸ்’ என்றால் பரீட்சையே இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. தமிழகத்தில் 2012-13 முதல் முப்பருவ முறை வந்தது. பருவத்துக்கு ஒருமுறை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பரீட்சை நடந்தது, விடைத்தாள் திருத்தப்பட்டது, மதிப்பெண் பட்டியலும் போடப்பட்டது. அந்த மதிப்பெண்ணைப் பார்த்து யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் கோளாறு.

கல்வி உரிமைச் சட்டம் ‘ஃபெயில் போடாதே’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. அதன் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் ஆசிரியர் கணித்து, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. 29-ஆம் பிரிவு, முழுமையான தொடர் மதிப்பீட்டைக் கேட்கிறது. மொத்தமாகப் படித்தால் சட்டம் சொல்வது இதுதான்: பிள்ளையை நிறுத்தாதே, ஆனால் எங்கே தடுமாறுகிறது என்று அன்றாடம் பார், அங்கேயே கைகொடு. இதில் முதல் பாதியை நிறைவேற்றப் பைசா செலவில்லை. அடுத்த பாதிக்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். அரசுகள் செலவில்லாத பாதியை நிறைவேற்றின. செலவுள்ள பாதி பதிவேடாகச் சுருங்கிப்போனது. ஆசிரியர்கள் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைவிட மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்க்கும் நேரம் அதிகமானது என்று அவர்களே குமுறுவதில் நியாயம் இருக்கிறது.

அதே சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. தமிழகக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளி என்பது அன்றாடக் காட்சி. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருப்பார். மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பார், அவரேதான் தலைமையாசிரியரும். காலை உணவு வந்ததா என்று அவர் பார்க்க வேண்டும், செயலியில் வருகையைப் பதிய வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் விவரத்தை உடனே அனுப்ப வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். நாடு முழுதும் பார்த்தால் ஒரே ஆசிரியரோடு இயங்கும் பள்ளிகள் 1 லட்சத்துக்கு மேல்.

இப்படி ஒரு பள்ளியின் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்குழந்தை ‘கோழி’ என்பதைக் ‘கேழி’ என்று வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு முன்னால் நிற்கும் இரட்டைக்கொம்பைக் கண்டுகொண்டாள், பின்னால் நிற்கும் துணைக்காலைச் சேர்த்துப் படிக்க இன்னும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து நான்கு நாள் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் விஷயம். அந்த நான்கு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. பாடம் நகர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் வாக்கியம் நீள்கிறது, நான்காம் வகுப்பில் பக்கம் நிறைகிறது. ஐந்தாம் வகுப்பில் அவள் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுகிறாள். எழுதியதைப் படிக்கச் சொன்னால் தலை குனிகிறாள்.

பொதுத் தேர்வு இவளுக்கு என்ன செய்யும்? ஐந்தாம் வகுப்பு ஏப்ரலில், அவள் தேறவில்லை என்று அறிவிக்கும். இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியதை மூன்று ஆண்டு கழித்து, அதுவும் அவள் பெயருக்கு எதிராக எழுதி, அறிவிக்கும். எங்கே சறுக்கினாள் என்று விடைத்தாள் சொல்லாது. துணைக்கால் பிரச்சினையா, சொல்வளப் பிரச்சினையா, கண்ணாடி தேவைப்படும் கண்ணா என்று அதில் தெரியாது. 100-க்கு 22 என்று மட்டும் இருக்கும்.

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறதே என்று தேர்வை ஆதரிப்போர் சொல்வார்கள். 2019-ன் திருத்தப்படி, தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நாள்காட்டியில் பொருத்திப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தமிழகத்தில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடியும். மே மாதம் முழுக்கக் கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறப்பு. சட்டம் சொல்லும் அந்த இரண்டு மாதத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் காலம். அக்கினி நட்சத்திர வெயிலில் அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுப்பது, எங்கே சொல்லிக்கொடுப்பது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகும். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போன பிள்ளையோ முதல் தேர்வுக்கே வந்திருக்காது, ஏனென்றால் சூளைவேலை மும்முரமாக நடப்பதும் தை முதல் கோடைவரையிலான அதே மாதங்களில்தான். ஐந்து வருடத்தில் வராத எழுத்தை ஐந்து வாரத்தில் வரவழைக்கும் வித்தை எந்த ஆசிரியருக்கும் தெரியாது.

மறுதேர்விலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. அதே புத்தகம், அதே பாடம், பெரும்பாலும் அதே ஆசிரியர். முதல் முறை அவளுக்குப் புரியாத முறையிலேயே இரண்டாம் முறையும் பாடம் நடக்கும். கூடப் படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அவள் தன் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

நிறுத்திவைத்தால் தேறிவிடுவார்கள் என்பது சோதித்துப் பார்க்கப்படாத நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1996-ல் சரியாக இதைத்தான் செய்தது. 3, 6, 8 வகுப்புகளில் பொதுவான தேர்வு வைத்து, குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்காதவர்களை அதே வகுப்பில் நிறுத்தியது. அங்கே கோடைக்காலச் சிறப்பு வகுப்புகளும் உண்டு, அவற்றுக்குப் பணமும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆறாம் வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்டவர்களோ, அதே அளவு மதிப்பெண்ணோடு மேலே அனுப்பப்பட்டவர்களைவிடப் பின்தங்கிப் போனார்கள். பணமும் கோடை வகுப்பும் இருந்த ஊரிலேயே இதுதான் கதை.

“பயம் இருந்தால்தான் படிப்பான்” என்பது அடுத்த வாதம். பள்ளிக்கூடம் என்றால் பிரம்பு என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பயந்து படித்து மேலே வந்தவர்கள்தான் இன்று இதைச் சொல்ல நம் முன்னால் இருக்கிறார்கள். பயந்து நின்றுபோனவர்கள் பேச வருவதில்லை. ஐந்தாம் வகுப்பில் ஃபெயிலாகி ஆடு மேய்க்கப் போனவர், தீப்பெட்டி ஒட்டப் போனவர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். ‘ஃபெயில்’ என்ற ஒரு சொல், படிப்பை நிறுத்தத் தயங்கிக்கொண்டிருக்கும் ஏழைக் குடும்பத்துக்குக் காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. முக்கியமாகப் பெண்பிள்ளை விஷயத்தில்.

தேர்வு வந்தால் ஆசிரியர்களாவது ஒழுங்காகப் பாடம் நடத்துவார்களே என்கிறார்கள். இதற்குப் பதில் தமிழகத்திலேயே கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் பொதுத் தேர்வு இருக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே பல தனியார் பள்ளிகள் நடத்தாமல் விட்டன. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது. ஒரு தேர்வின் கேட்டைச் சரிசெய்ய இன்னொரு தேர்வு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதிப் பிள்ளைகள் களைத்துப்போனதுதான் மிச்சம். 2025-26-ல் அது கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளையை நிறுத்துவதும், மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதும் ஊரறிந்த விஷயம். ‘ஆல் பாஸ் முடிந்ததும் ஒன்பதில் கொத்துக் கொத்தாக ஃபெயில்’ என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு வந்தால் இந்த வடிகட்டல் நான்காம் வகுப்புக்கு இறங்கும். வடிகட்டப்படும் பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும்.

பத்து வயதுப் பொதுத் தேர்வு ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்று பார்க்கக் கடல் தாண்டினால் போதும். இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தக் காலத்தில், ஏழைப் பிள்ளையும் நல்ல பள்ளிக்குப் போக வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தில் தொடங்கியது. இன்று ஆண்டுதோறும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். பேர்பெற்ற பள்ளிகளில் இடம் பிடிக்க அதுதான் வாசல் என்பதால் தரம் 3, 4-லிருந்தே டியூஷன் தொடங்கிவிடுகிறது. விளையாட்டு நின்றுவிடும், சனி ஞாயிறும் வகுப்பு. மாதிரி வினாத்தாள் அடிப்பதே ஒரு வியாபாரம். பரீட்சை பிள்ளையுடையதா அம்மாவுடையதா என்று தெரியாத அளவுக்கு வீடே அதில் மூழ்குகிறது. 2024 செப்டம்பரில் அந்த வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போனது. முடிவு தெரியாமல் பிள்ளைகள் அடுத்த ஜனவரிவரை காத்திருந்தார்கள். பத்து வயதுக் குழந்தைகளின் வினாத்தாளைத் திருடும் அளவுக்குப் பெரியவர்களுக்கு அதில் லாபம் இருந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஏழைக்குக் கை கொடுக்கப் பிறந்த பரீட்சை, டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் முந்திக்கொள்ளும் பந்தயமாகிவிட்டது.

பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2024-ல் 5, 8, 9 வகுப்புகளுக்கு மாநில அளவில் தேர்வு வைத்தது. உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி கூடாது என்றார், பிரிவு அமர்வு அனுமதித்தது. மார்ச்சில் தேர்வு தொடங்கி நடந்துகொண்டிருந்தபோதே உச்ச நீதிமன்றம் தடைபோட்டது. பாதியில் நின்ற தேர்வு, மாதக் கடைசியில் தொடர்ந்தது. ஏப்ரலில் முடிவை வெளியிடக் கூடாது என்று மறுபடி தடை. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்று, தான் எழுதியது பரீட்சையா இல்லையா என்றே தெரியாமல் ஒரு கோடையைக் கழித்தது.

மதிப்பெண்ணோடு பெரியவர்களின் பிழைப்பைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா சாட்சி. 2002-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், 3 முதல் 8-ஆம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வை நாடு முழுதும் கட்டாயமாக்கியது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட வேண்டும் என்று இலக்கும் வைத்தது. அட்லாண்டா நகரப் பள்ளிகளின் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. அந்நகரின் கல்விக் கண்காணிப்பாளருக்கு 2009-ல் தேசிய விருது கிடைத்தது. 2011-ல் மாநில விசாரணை உண்மையை வெளியே கொண்டுவந்தது: 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முறைகேட்டில் ஈடுபட்டிருந்தார்கள். பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடையைக் குறித்திருந்தார்கள். 2015-ல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குக் கிடைத்த தண்டனையைவிடப் பெரிய இழப்பு பிள்ளைகளுக்கு. வாசிக்கத் தெரியாத பிள்ளை ‘தேறிவிட்டது’ என்று தாளில் வந்ததால், அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போனது. எல்லோரும் தேறும் அந்த இலக்கை எந்த மாநிலமும் எட்டவில்லை. 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் வந்தது.

பரீட்சைக்குப் பேர்போன சிங்கப்பூரே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே 2019-ல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளின் பரீட்சைகள் நீக்கப்பட்டன. 2023-க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வுகளும் போய்விட்டன. பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு இன்னும் இருக்கிறது என்றாலும், ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் பழைய முறையை 2021-ல் மாற்றிவிட்டார்கள். அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நாம் போக நினைக்கும் சாலையில் நெடுந்தூரம் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நேர்மையான கேள்வி மிச்சமிருக்கும்: பரீட்சை வேண்டாம் என்றால், பிள்ளை படிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கும் சம்பளத்துக்கு ஆசிரியர் வேலை பார்க்கிறாரா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இல்லையா?

நிச்சயம் உண்டு. அதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. அசர் ஆய்வு நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். தன்னார்வலர் வீட்டு வாசலில் பிள்ளையோடு உட்காருகிறார். ஒரே ஒரு தாள். முதலில் எளிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்கிறார். சரளமாக வாசித்தால் இரண்டாம் வகுப்பு அளவிலான சிறு கதையைக் காட்டுகிறார். பத்தியில் திணறினால் சொற்களுக்கு இறங்குகிறார், அதிலும் திணறினால் எழுத்துகளுக்கு. கணக்கிலும் அப்படித்தான், எண்களை அடையாளம் காண்பதிலிருந்து கழித்தல், வகுத்தல்வரை. சில நிமிடங்களில் அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை, பெயர் வெளியே வராது, யாரும் ஃபெயில் இல்லை. ஆனால் ஒரு மாவட்டம் எங்கே நிற்கிறது என்று நாட்டுக்கே தெரிகிறது. ‘ஆல் பாஸ்’ மோசம் என்று வாதிடுபவர்கள் கையில் வைத்திருக்கும் எல்லாப் புள்ளிவிவரமும் இப்படி யாரையும் ஃபெயிலாக்காமல் எடுத்ததுதான். மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வுகள், தமிழக அரசு 3, 5, 8 வகுப்புகளில் 2025-ல் நடத்திய மாநில அளவிலான அடைவுத் தேர்வு என்று இன்னும் பல இருக்கின்றன. அளப்பதற்குக் குழந்தையைத் தண்டிக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குக் கேட்க வேண்டியது அரசிடம், மாவட்டம் மாவட்டமாக, ஆண்டுதோறும்.

பரீட்சை இல்லாமலே பிள்ளைகளைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்குத் தமிழகக் கிராமங்களே சான்று. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சுமார் 19,000 கிராமப்புறப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஆய்வு நடத்தினார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது, கணக்கில் இன்னும் அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்குக்குக் காரணம் ‘இல்லம் தேடிக் கல்வி’. அந்தி நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உள்ளூர்ப் பெண்கள் பத்திருபது பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. யாரையும் யாரும் நிறுத்திவைக்கவில்லை.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ அதே வழியில் வந்தது. வயதை மட்டும் பார்க்காமல், பிள்ளை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறது. ‘கோழி’யைக் ‘கேழி’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பிலேயே அடையாளமும் உதவியும் கிடைக்க இதுதான் வழி. குறைகள் இல்லாமல் இல்லை. செயலியில் பதிவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அதைக் கேட்டுச் சரிசெய்தாக வேண்டும். ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வராமல் எந்த நல்ல திட்டமும் பாதிதான் நடக்கும்.

இதற்கெல்லாம் முன்பே தவறிப்போய், வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் வந்துவிட்ட பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ‘ஆல் பாஸ்’ மேல் கோபப்படுகிறவர்கள் கோபப்படுவது இவர்களை நினைத்துத்தான். அந்தக் கோபம் சரியான இடத்துக்குப் போக வேண்டும். 2025-ல் தமிழக அரசு ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் ‘திறன்’ என்ற பயிற்சியை அறிவித்திருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நம் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள், தினம் எத்தனை மணி நேரம் நடக்கிறது, நடத்தும் ஆசிரியர் யார், ஜூனில் சொல் வாசித்த பிள்ளை டிசம்பரில் பத்தி வாசிக்கிறதா? அந்தப் பதிவேட்டைப் பெற்றோர் முன்னால் வைக்கச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.